முப்பத்திரண்டு டப்பாக்களும் ஒரு குழாயும்

இன்று காலையிலிருந்து எத்தனை முறை சிறுநீர் கழித்தீர்கள்? எண்ணியிருக்க மாட்டீர்கள். சரி, யாரிடம் அனுமதி கேட்டீர்கள்? கேள்வியே கோபமூட்டுகிறதா? மூட்டட்டும். நீங்கள் போட்டிருக்கும் சட்டைக்குக் காலர் தைத்தவள் அனுமதி கேட்டிருப்பாள். அதை இஸ்திரி போட்டு மடித்தவள், கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருப்பாள்.

அந்த ஆயத்த ஆடை ஆலையின் மூன்றாம் மாடியில் முப்பத்திரண்டு பெண்கள் வேலை பார்த்தார்கள். கோடியில் கழிப்பறை இருந்தது. நான்கு கதவுகள், நான்கிலும் தண்ணீர் வரும், ஆனால் டோக்கன் ஒன்றே ஒன்று. உள்ளங்கை அளவு மரக்கட்டையில் சிவப்பு பெயின்டால் 3 என்று எழுதி, ஓட்டை போட்டுக் கயிறு கோத்து, சூப்பர்வைசர் மேசையருகே ஆணியில் மாட்டியிருப்பார்கள். அது ஆணியில் இருந்தால் போகலாம். இல்லையென்றால் போனவள் திரும்பி வரும்வரை அடக்கிக்கொண்டு தைக்க வேண்டும். ஆகவே எந்த நேரத்திலும் மூன்று கதவுகள் திறந்தே கிடந்தன.

டோக்கன் இல்லாமல் அங்கே போய்வர ஒருத்திக்கு மட்டும் முடிந்தது. அவள் வேலையே அந்த அறையில்தான். கழிப்பறை கழுவுகிறவள்.

நாற்பத்தாறு வயது. ஒல்லி. ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள் என்பதால் ஆலையின் வருகைப் பதிவில் அவள் பெயர் கிடையாது. நீல நிற மேலங்கி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், ஒரு வாளி, இரண்டு பிரஷ், கதவோரம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். ஸ்டூலுக்குக் கீழே இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் எப்போதும் இருக்கும். மதியத்துக்குள் அதைக் காலி செய்துவிட்டு மறுபடி நிரப்புவாள். அந்த மாடியில் தாகத்துக்குத் தண்ணீர் குடித்த ஒரே ஆள் அவள்தான். அதனால் தையல்காரிகள் அவளுக்கு வைத்த பெயர் குழாய்.

"குழாய் வந்தாச்சா?"

"வந்தாச்சு, வந்தாச்சு. நேத்து நீ விட்டுட்டுப்போன கோலத்தைத்தான் கழுவிட்டிருக்கேன்."

இந்த வகைப் பேச்சுக்கு அவள் கோபப்பட்டதில்லை. காலையில் நுழைந்து மாலையில் போகும்வரை அவளிடம் யாராவது பேசினார்கள் என்றால் அது இப்படித்தான். டோக்கன் ஒருத்திக்கு எட்டு நிமிடம்தான். வருவார்கள், ஒரு வார்த்தை சொல்வார்கள், டோக்கனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடுவார்கள்.

அந்த மாடியில் அவளுக்குச் சொந்தம் என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷனுடைய தங்கை, நாத்தனார். முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள். ஒன்பது வருடமாக நீராவி இஸ்திரிப் பெட்டி பிடிக்கிறாள். தைத்து வரும் சட்டைகளை மேசைமேல் விரித்து, மேலே குழாயில் தொங்கும் பெட்டியை அழுத்தி, புஸ்ஸென்று ஆவி விட்டு, திருப்பி, மறுபடி அழுத்தி, ஒரு நாளைக்கு அறுநூறு உருப்படி. ஜன்னலைத் திறந்தால் தூசி வந்து வெள்ளைத் துணி கெடுமாம், ஆகவே ஜன்னல் கிடையாது. மதியம் இரண்டு மணிக்கு அவள் சட்டையைப் பிழிந்தால் வாளி நிறையும்.

அண்ணிதான் அவளை அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டவள்.

"தண்ணி குடிடி," என்பாள் அண்ணி, அவள் டோக்கனோடு வரும்போதெல்லாம். நாளுக்கு ஒரு முறை வருவாள், அதுவும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

"குடிச்சா மறுபடி வரணும். மறுபடி வந்தா மணிக்கூண்டு அடிக்கும்."

மணிக்கூண்டு என்பது சூப்பர்வைசர். ஆள் நெட்டை. எப்போது பார்த்தாலும் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரம் பார்ப்பான்.

"அதுக்காக? ஒட்டகமாடி நீ?"

"ஒட்டகத்துக்கு முதுகுவலி வராது அண்ணி. எனக்கு அது வேற."

முதுகுவலிக்கும் அங்கே மருந்து இருந்தது. மணிக்கூண்டின் மேசையில் முதலுதவிப் பெட்டி. அதற்குள் பஞ்சு இருக்காது, பிளாஸ்திரி இருக்காது, மஞ்சள் மாத்திரை மட்டும் குறையாமல் இருக்கும். தலைவலி, இடுப்புவலி, கைவலி, மாதவிலக்கு வலி, எதற்குக் கேட்டாலும் அதுதான். கழிப்பறைக்குப் போகக் கேட்டால் முகத்தைச் சுளிப்பவன், மாத்திரை கேட்டால் அண்ணன் மாதிரி எடுத்துக் கொடுப்பான். போட்டுக்கொண்டவள் நிற்காமல் வேலை செய்வாள் அல்லவா? நாத்தனாருக்குத் தினம் ஒன்று. சரக்குக் கப்பலேறும் வாரத்தில் இரண்டு, மூன்று. வறண்ட தொண்டையில் அதைத் தண்ணீர் இல்லாமலே விழுங்கப் பழகியிருந்தாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. வெளிநாட்டுக் கடைக்காரர்கள் கேட்டார்களாம், தொழிலாளர் உடல்நிலையை வருடத்துக்கு ஒரு முறை பார்த்துக் காகிதம் வைத்திருக்க வேண்டும் என்று. உயரம், எடை, சிறுநீர். இரத்த அழுத்தம் எழுத ஒரு கட்டம் இருந்தது. அதில் எல்லோருக்கும் 120/80 என்று முன்கூட்டியே அச்சாகியிருந்தது. அளக்கும் கருவி வேனில் இல்லை. மனிதனுடைய இரத்தம் என்ன அழுத்தத்தில் ஓடுகிறது என்பதை அச்சகத்திலேயே தீர்மானித்துவிட்ட நிர்வாகம் அது.

ஆளுக்கொரு வெள்ளை டப்பா கொடுத்தார்கள். பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. "எல்லாருக்கும் சேர்த்து அரை மணி நேரம்," என்றான் மணிக்கூண்டு.

காலையிலிருந்து ஒரு மடக்குக்கூடக் குடிக்காதவர்களிடம் அரை மணி நேரத்தில் எங்கிருந்து வரும்? கதவைச் சாத்திக்கொண்டு முக்கினார்கள். குழாயைத் திறந்துவிட்டுச் சத்தம் கேட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி பொறுமையிழந்து வாளித் தண்ணீரையே பிடித்துக் கொடுத்தாள். வேன்காரன் முகர்ந்து பார்த்துவிட்டு, "இந்தம்மாவோடதைத் தாராளமா வீட்டுக் குடத்துல பிடிச்சு வைக்கலாம்," என்று திருப்பி அனுப்பினான். நேரம் ஓடியது. ஐந்து பேர் வெறும் டப்பாவோடு நின்றார்கள். நாத்தனாரும் அதில் ஒருத்தி.

"அண்ணி," என்றாள் மெதுவாக. "நீங்கதான் குடம் குடமா குடிக்கறீங்களே. ரெண்டு விரக்கடை குடுங்களேன்."

"சீ, இதெல்லாமாடி கடன் கேப்ப?"

"அவசரத்துக்கு உதவாத அண்ணி என்ன அண்ணி?"

ஐந்து டப்பாவையும் அவள் நிரப்பிக் கொடுத்தாள். வெளியே வந்தபோது ஐந்து பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். குழாய் என்ற பெயர் அன்று நிரந்தரமாயிற்று.

பத்து நாள் கழித்துக் காகிதங்கள் வந்தன. அந்த ஐந்தும் நார்மல். தங்கள் சொந்தச் சிறுநீரைக் கொடுத்தவர்களில் மூன்று பேருக்குச் சிவப்புக் கோடு. ஒருத்திக்குச் சர்க்கரை, இரண்டு பேருக்குப் புரதம். அந்த மூவரையும் நிர்வாகம் கூப்பிட்டு, "உடம்பைப் பாத்துக்கங்கம்மா, ஓய்வெடுத்துட்டு வாங்க," என்று கனிவாகச் சொல்லி அனுப்பியது. அவர்கள் திரும்பி வந்தபோது அவர்களுடைய மெஷினில் வேறு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த வருடம் வேன் வந்ததும் அவளிடம் வந்த டப்பாக்கள் பதினான்கு. அதற்கடுத்த வருடம் முப்பத்திரண்டு.

வேன் வரும் நாளில் விடியற்காலையிலேயே தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிடுவாள். ஸ்டூலைச் சுற்றி டப்பாக்களை வரிசையாக அடுக்கிவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புவாள். தனக்குத் தெரிந்த ஓர் உதவியைச் செய்கிற திருப்தி அதில் இருந்தது. அவள் பெயரில் மட்டும் டப்பா வரவில்லை. ஒப்பந்த ஆளுக்குப் பரிசோதனை கிடையாது.

ஒரே மாடி, முப்பத்திரண்டு பெண்கள், பதினெட்டு வயதுக்காரி முதல் ஐம்பது வயதுக்காரி வரை. எல்லோருக்கும் ஒரே நிறம், ஒரே அடர்த்தி, ஒரே எண்கள். பள்ளிக்கூடப் பிள்ளை பார்த்தால்கூட "இது என்ன காப்பியடிச்ச பரீட்சையா?" என்று கேட்டிருக்கும். சோதனைச் சாலையில் ஒருவர் அந்தக் காகிதங்களில் கையெழுத்திட்டார், ஆலையில் ஒருவர் கோப்பில் வைத்தார், வெளிநாட்டிலிருந்து வந்தவர் கோப்பைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினார். எழுதப் படிக்கத் தெரிந்த மூன்று பேர் கைமாறியும் அவற்றை ஒருவரும் படிக்கவில்லை.

நான்காம் வருடம் அவள் கண்ணில் வேறொன்று பட்டது. கடைசிக் கதவு உள்ள அறையில், நாத்தனார் போய்வந்த பிறகு, பீங்கானில் நுரை நின்றது. நாத்தனார் எப்போதும் அந்த அறைக்குத்தான் போவாள். தாழ்ப்பாள் ஒழுங்காக விழுவது அங்கே மட்டும்தான். தண்ணீர் ஊற்றினாலும் நுரை முழுதாகப் போகவில்லை. அவளுக்கு அது தன் வேலையின் குறையாகப் பட்டது. சோப்புத்தூள் அதிகமாகிவிட்டது என்று குறைத்தாள். அப்போதும் நுரைத்தது. ஸ்டோர்காரனிடம் சண்டைக்குப் போனாள்.

"என்ன மட்டமான தூள் வாங்கிப் போடறீங்க? எவ்வளவு கழுவினாலும் நுரை போகமாட்டேங்குது."

"நுரை வராத சோப்பு வேணுமா உங்களுக்கு? இதுவரைக்கும் யாரும் கேக்காத கோரிக்கையா இருக்கே!"

கடைசி அறைக்கு மட்டும் தூளே போடாமல் வெறும் பிரஷ்ஷால் தேய்த்தாள். தான் கழுவும் பீங்கானில் ஒரு பெண்ணின் சிறுநீரகம் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை, ஒரு சுத்தக்காரியின் அக்கறையோடு, தினம் மூன்று தடவை தேய்த்துக் கழுவினாள்.

ஆறாம் வருடம் நாத்தனாருக்குச் செருப்பு சேரவில்லை. காலையில் முகம் ஊதியிருந்தது. "அண்ணி, நான் குண்டாயிட்டேன் பாத்தீங்களா? நல்ல சாப்பாடு," என்றாள். சாப்பாடு இறங்கவில்லை என்பதைச் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் இஸ்திரி மேசைமேல், ஆவி விட்டபடி, அப்படியே சாய்ந்தாள். முழங்கையில் சுட்ட காயத்தோடு பொது மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். அண்ணி மேலங்கியோடும் பூட்ஸோடும் கூடவே போனாள்.

காயத்துக்குக் கட்டுப் போட்ட டாக்டர் கையோடு இரத்த அழுத்தத்தை அளந்தார். மறுபடி அளந்தார். இரத்தம் எடுக்கச் சொன்னார். மறுநாள் இருவரையும் வேறொரு அறையில் உட்காரவைத்தார்கள். அங்கே இருந்த டாக்டர் இளம்பெண். சளி பிடித்துக் கரகரத்த குரல்.

"சர்க்கரை இருக்கா?"

"இல்லம்மா. கம்பெனி டீயிலகூடக் கிடையாது," என்றாள் நாத்தனார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "வீட்டுல யாருக்காவது கிட்னி நோய் உண்டா?"

"அப்பாவுக்குக் கால் வீங்குச்சு. அப்புறம் போயிட்டாரு."

"என்ன நோய்?"

"கால் வீங்கற நோய்தான்."

"பிரசவத்துல பிரஷர் வந்துச்சா?"

"ரெண்டாவதுக்கு வந்துச்சு. தலை சுத்தி விழுந்துட்டேன். குழந்தை பிறந்தா சரியாயிடும்னாங்க."

"அப்புறம் எப்பவாவது பாத்தீங்களா?"

"எதைம்மா?"

"பிரஷரை."

"அதான் குழந்தை பிறந்துடுச்சே."

டாக்டர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். "வலி மாத்திரை?"

"மஞ்சள் மாத்திரை. தினம் ஒண்ணு. ஒன்பது வருஷமா."

"தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?"

நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தரையைப் பார்த்தாள்.

டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்பாவின் நோய் ஓர் எச்சரிக்கை. பிரசவத்தில் ஏறிய பிரஷர் இன்னொன்று. அதைப் பார்க்காமல் விட்டதில் சிறுநீரகம் அடிவாங்கியிருக்கும். நாளெல்லாம் சூட்டில் வியர்த்துக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் இருந்தது, அந்த வறட்சியின் மேல் தினம் தினம் வலி மாத்திரை போட்டது, எல்லாம் சேர்ந்து இரண்டு சிறுநீரகத்தையும் மெல்ல மெல்லத் தின்றுவிட்டன. மிச்சமிருப்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வாரத்துக்கு இரண்டு முறை மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும்.

"இது வலிக்காத நோய். பாதிக்கு மேல போற வரைக்கும் வெளியில தெரியாது. ஆனா சாதாரண யூரின் டெஸ்ட்ல நாலஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். புரதம் இறங்கும். யூரின் நுரையா போகும். அப்பவே வந்திருந்தா இவ்வளவு தூரம் விட்டிருக்க மாட்டோம். ஒரு டெஸ்ட் எடுத்திருக்கக் கூடாதா?"

நாத்தனாருக்கு ரோஷம் வந்தது. "எடுத்திருக்கேன்மா. வருஷா வருஷம் எடுத்திருக்கேன்." பையிலிருந்து பிளாஸ்டிக் உறையைப் பிரித்தாள். ஆறு காகிதங்கள், மடிப்புக் கலையாமல். "பாருங்க. எல்லாம் நார்மல்."

டாக்டர் ஆறையும் மேசைமேல் பரப்பினார். வெகுநேரம் பார்த்தார்.

"இது உங்க யூரின்தானா?"

"என் பேர்தானேம்மா போட்டிருக்கு."

அந்த அறையின் தரையில், மேசைக் காலுக்குப் பக்கத்தில், பழைய மஞ்சள் கறை ஒன்று இருந்தது. ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டால் போய்விடும் என்று அண்ணிக்குத் தோன்றியது. அதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. டாக்டரின் வாய் அசைவது தெரிந்தது. பூட்ஸுக்குள் தன் கால்கள் இருக்கின்றனவா என்று விரலை அசைத்துப் பார்த்தாள். இருந்தன.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது நாத்தனார் சொன்னாள்: "எனக்கே மறந்துபோச்சு அண்ணி. முதல் வருஷம் நினைப்பு இருந்துச்சு. அப்புறம் பேப்பர் வரும், பேர் இருக்கும், நார்மல்னு இருக்கும். உடம்பு நல்லாதான் இருக்குன்னு வீட்டுல எடுத்து வைப்பேன். உங்களோடதுன்னு தோணவே தோணாது."

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அழறீங்களா?"

"இல்ல."

உண்மையிலேயே இல்லை. அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாரத்துக்கு இரண்டு நாள் நாத்தனார் மெஷினுக்குப் போனாள். கையில் குழாய் செருகி நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். உடம்பிலிருந்து நீர் வெளியேற வழியில்லாததால் குடிக்கவும் அளவு வைத்தார்கள். நாளைக்கு இரண்டு டம்ளர். ஒன்பது வருடம் தாகத்தை அடக்கியவளுக்கு இப்போது தாகமே மருத்துவச் சீட்டாக வந்தது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று அண்ணி அளந்து ஊற்றுவாள். நாத்தனார் ஒவ்வொரு மடக்கையும் வாயில் வைத்துக்கொண்டிருந்து விழுங்குவாள்.

அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள். "எல்லாம் விதி," என்றார்கள். நல்லது. அந்த விதி ஏன் மூன்றாம் மாடியோடு நின்றது? நான்காம் மாடியில் குளிர்பதன அறையில், தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில், அறைக்குள்ளேயே கழிப்பறை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் வீட்டு வாசல் அதற்குத் தெரியாதா? படியேற மூச்சு வாங்கிற்றா? மரக்கட்டையில் சிவப்பு பெயின்டில் 3 என்று எழுதியது எந்த விதியின் கை?

அண்ணி வேலைக்குப் போனாள், கழுவினாள், வந்தாள். தன் பாட்டிலில் தண்ணீர் குடிக்கும்போது ருசி தெரியவில்லை. பெண்கள் "குழாய்" என்று கூப்பிட்டால் திரும்பினாள். கடைசி அறைக்கு யார் போனாலும் பின்னாலேயே போய் பீங்கானைப் பார்த்தாள். முதல் அறையையும் பார்த்தாள். நான்கையும் பார்த்தாள். நுரை ஓர் அறையில் மட்டும் நிற்கவில்லை.

ஏழாம் வருடத்து வேன் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.

காலர் தைப்பவள் முதலில் வந்தாள். அந்த மாடியின் வாயாடி. கை நிறைய டப்பாக்கள். "குழாய், திறந்துவிடு. ஊரே வரிசையில நிக்குது."

"இன்னைக்கு இல்ல."

"என்ன, தண்ணி வரலையா?"

"நான் தரமாட்டேன்."

காலர்காரி சிரித்தாள். பிறகு முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். பின்னால் வந்தவர்களுக்குச் செய்தி போயிற்று. ஒவ்வொருத்தியாக மெஷினை விட்டு எழுந்து வந்தார்கள். டோக்கன் யார் கழுத்தில் இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

"உனக்கென்ன, நீ கான்ட்ராக்ட் ஆளு. எங்க பேப்பர்ல கோடு விழுந்தா வீட்டுக்கு அனுப்பிடுவான். மூணு பேரை அனுப்பினானே, மறந்துட்டியா?"

"மறக்கல."

"என் புள்ளைங்களுக்கு நீ சோறு போடுவியா?"

"முடியாது."

"அப்புறம் எதுக்கு எங்க பொழப்புல மண்ணைப் போடற? ஆறு வருஷமா கொடுத்தியே, இப்ப என்ன வந்துச்சு உனக்கு?"

அண்ணியின் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "என் நாத்தனா பேப்பர்ல ஒண்ணும் வரல. ஆறு வருஷமும் ஒண்ணும் வரல."

மெஷின்கள் நின்றிருந்ததால் குழாயில் சொட்டும் தண்ணீர் கேட்டது.

"உன் காலைக் காட்டு," என்றாள் காலர்காரியிடம்.

"எதுக்கு?"

"காட்டு."

காலர்காரி ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்தாள். அண்ணி முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எடுத்தாள். பள்ளம் விழுந்தது. விழுந்த பள்ளம் அப்படியே நின்றது, மாவில் விரல் வைத்தது போல.

"இது எப்பலேருந்து?"

"தெரியல. உக்காந்தே இருக்கறதால வீங்குதுன்னு..." காலர்காரி முடிக்கவில்லை.

ஒருத்தி குனிந்து தன் காலை அழுத்திப் பார்த்தாள். அவள் பக்கத்தில் நின்றவள் பார்த்தாள். கழிப்பறை வாசலில் முப்பது பெண்கள் குனிந்து தங்கள் கால்களைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு நின்ற அந்தக் காட்சியைக் கோப்பு புரட்டிய எவரும் பார்க்கவில்லை.

அண்ணி உள்ளே போய் இருபது லிட்டர் கேனை உருட்டிக்கொண்டு வந்தாள். காலையில் வந்ததும் நான்காம் மாடியிலிருந்து கேட்காமல் எடுத்து வந்தது.

"குடிங்க. வர்ற வரைக்கும் குடிங்க."

முதலில் காலர்காரி குடித்தாள். டம்ளர் இல்லை. புது டப்பாவிலேயே பிடித்துக் குடித்தாள். "கருமம், எதுக்கு வந்த டப்பாவுல எதைக் குடிக்கறேன் பாரு," என்றாள். யாரோ சிரித்தார்கள். அது எல்லோருக்கும் தொற்றியது. அண்ணிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொருத்தி கையிலும் தண்ணீர் ஊற்றினாள்.

மணிக்கூண்டு வந்து நின்றபோது அவர்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன இது, மாநாடா? டோக்கன் எங்க?"

"வாளியில கிடக்கு," என்றாள் அண்ணி. "பினாயில் போட்டு ஊற வெச்சிருக்கேன். இத்தனை வருஷ அழுக்கு, ஊறித்தான் போகும்."

"யாரைக் கேட்டு?"

"கழுவறது என் வேலைங்க. அதுக்கு யாரைக் கேக்கணும்?"

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "அரை மணிதான் டைம். டார்கெட் போச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"உக்காருங்க சார்," என்றாள் காலர்காரி தரையிலிருந்து. "நீங்களும் ஒரு டப்பா பிடிங்க. அந்த மஞ்சள் மாத்திரையை நீங்களும்தானே முழுங்கறீங்க?"

அவன் போய்விட்டான். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அந்த மாடியின் நான்கு கதவுகளும் ஒரே சமயத்தில் சாத்தியிருந்ததை அண்ணி அன்றுதான் பார்த்தாள். முப்பத்திரண்டு டப்பாக்கள், முப்பத்திரண்டு நிறங்கள். தேநீர் நிறத்தில் சில. கைக்குச் சூடாக இருந்தவற்றை வாங்கி, மூடியை இறுக்கி, வரிசையாக வைத்தாள். ஏழெட்டில் மேலே நுரை நின்றது.

மறுநாள் வாசற்காவலாளி அவளை உள்ளே விடவில்லை. ஒப்பந்தக்காரர் வேறு ஆளை அனுப்பியிருந்தார். பூட்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் செருப்போடு நடந்து வீட்டுக்குப் போனாள்.

காகிதங்கள் வந்தன. ஒன்பது பேருக்குச் சிவப்புக் கோடு. ஒன்பது பேரையும் கூப்பிட்டு வழக்கம்போல் "ஓய்வெடுத்துட்டு வாங்க" என்றார்கள். மீதி இருபத்துமூன்று பேரும் மெஷினை நிறுத்திவிட்டு மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார்கள். கோஷம் போடவில்லை. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கப்பல் காத்திருந்தது. மதியத்துக்குள் ஒன்பது பேரையும் மெஷினுக்குத் திருப்பி அனுப்பினார்கள். டோக்கன் திரும்பி வந்துவிட்டது, இப்போது பிளாஸ்டிக்கில். ஒன்றுக்குப் பதில் இரண்டு.

ஒன்பது பேரும் அந்தக் கரகரத்த குரல் டாக்டரிடம் போனார்கள். ஆறு பேருக்குப் பிரஷருக்கு மருந்து கொடுத்து, மஞ்சள் மாத்திரையை நிறுத்தி, தண்ணீர் குடிக்க வைத்தால் நோயைத் தடுத்து நிறுத்தலாம் என்றார். ஒருத்திக்குச் சர்க்கரை. இரண்டு பேருக்குத் தாமதம். அந்த இருவரில் காலர்காரி இல்லை. "பயப்படாதே குழாய், என் வாய் ரிப்பேர் ஆனாத்தான் நான் போவேன்," என்று வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

டாக்டர் அண்ணியையும் விடவில்லை. "உங்களுக்கு எடுத்திருக்காங்களா?" என்று கேட்டு ஒரு டப்பா கொடுத்தார். அவள் பெயர் எழுதிய முதல் டப்பா. காகிதம் வந்தபோது அதிலிருந்த எண்களை அவள் பார்த்தாள். நாத்தனாரின் ஆறு காகிதங்களில் இருந்த எண்கள்தான், ஏறக்குறைய அப்படியே. நார்மல். மடித்துப் பையில் வைத்தாள். சந்தோஷமாக இருக்கிறதா என்று தனக்குள் தேடினாள். கையில் ஒன்றும் அகப்படவில்லை.

இப்போது வேறொரு கட்டடத்தில் கழுவுகிறாள். மாலையில் வந்து நாத்தனாருக்கு இரண்டாவது டம்ளரை ஊற்றுகிறாள். ஒரு நாள் டம்ளரின் விளிம்புக்கு ஒரு விரல் கீழேயே நிறுத்திவிட்டாள்.

"என்ன அண்ணி, குழாய்ல தண்ணி நின்னுபோச்சா?"

அண்ணி இன்னும் ஒரு விரல் ஊற்றினாள். நாத்தனார் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவசரப்படாமல் குடித்தாள்.

நீங்கள் இதைப் படித்து முடித்துவிட்டீர்கள். எழுந்து தண்ணீர் குடிப்பீர்கள், யாரையும் கேட்காமல் கழிப்பறைக்குப் போவீர்கள். போனால் குனிந்து பாருங்கள். உங்களுக்குச் சர்க்கரையோ பிரஷரோ இருந்தால், வீட்டில் யாராவது கால் வீங்கிச் செத்திருந்தால், கர்ப்பத்தில் பிரஷர் ஏறியிருந்தால், வலி மாத்திரையை மிட்டாய் போல் விழுங்குகிறவராக இருந்தால், வெயிலிலும் உலையிலும் வெந்து பிழைக்கிறவராக இருந்தால், இந்த வாரமே பொது மருத்துவமனைக்குப் போய் பிரஷரை அளக்கச் சொல்லுங்கள், இரத்தமும் சிறுநீரும் கொடுங்கள். உங்கள் டப்பாவை நீங்களே நிரப்புங்கள். பிறகு நீங்கள் வேலை செய்யும் இடத்தில், கழிப்பறைக்குப் போக டோக்கனோ சாவியோ முறைக்கிற ஆளோ இருந்தால், நாளைக் காலையில் அதை ஆணியிலிருந்து கழற்றி முதலாளியின் மேசைமேல் வைத்துவிட்டு வாருங்கள். தனியாகப் போகாதீர்கள். முப்பத்திரண்டு பேராகப் போங்கள்.